நிழல் இரண்டு, நெஞ்சம் ஒன்று

பெரார்கஞ்சில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணிபுரியும் நம் மேசைக்கு நாள்தோறும் விண்ணப்பங்கள் வருகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு முகம் ஒட்டப்பட்டிருக்கும். உடன் வைத்த சிறு உறையில் அதே முகம் இன்னும் இரண்டு படிகளாக இருக்கும். மூன்றும் ஒன்றுபோல் உள்ளனவா, படத்திலிருப்பவரும் எதிரே நிற்பவரும் ஒருவர்தாமா என்று பார்ப்பது நம் கடமை. ஒரு மனிதன் ஒருவனே. ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் அவன் இருக்க முடியும். இந்த நம்பிக்கையின் மீதுதான் எல்லாக் கோப்புகளும் கட்டப்பட்டிருக்கின்றன.

மாலையில் வீடு திரும்பினால், கூடத்துச் சுவரில் இந்த நம்பிக்கையைப் புன்னகையோடு மறுக்கும் நிழற்படம் ஒன்று தொங்குகிறது. அதில் எங்கள் தந்தையார் இருவராக இருக்கிறார். ஒருவர் காற்சட்டையும் முழுக்கைச் சட்டையும் அணிந்து, கைக்கடிகாரம் தெரிய நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். மற்றவர் வேட்டியும் தோளில் துண்டுமாக அருகில் நிற்கிறார். இருவர் முகமும் ஒன்றே. நெற்றியில் உள்ள தழும்பும் ஒன்றே.

இந்தப் படம் உண்மையா, பொய்யா? பொய்யென்றால் இத்தனை ஆண்டுகளாக அது ஏன் நம் உள்ளத்தை உறுத்தவில்லை? அவ்வாறு உறுத்தாத நமக்கு, அண்மையில் நம் கையாலேயே செய்த வேறொரு படம் மட்டும் ஏன் முள்ளாய்க் குத்திற்று? இவ்வினாக்களை இம்மலரின் வாயிலாக அன்பர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விழைகின்றோம்.

பரமக்குடியில் எடுத்த படம்

எங்கள் தந்தையார் 1976-ஆம் ஆண்டில், இராமநாதபுரம் மாவட்டத்தின் வானம் பார்த்த பூமியை விட்டுக் கப்பலேறினார். 1920-களில் இத்தீவுகளின் தலைமை ஆணையராக இருந்த ஃபெரார் என்பாரின் பெயரைத் தாங்கிய இவ்வூருக்குச் சாலை வேலைக்கு வந்து சேர்ந்தார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1984-இல் விடுப்பில் ஊருக்குச் சென்றபோது பரமக்குடியில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்ட படம்தான் அது.

எடுத்த முறையை அவர் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறோம். காமிராவை முக்காலியில் அசையாமல் நிறுத்தினார்களாம். வில்லையின் முன்னே கறுப்பு அட்டை ஒன்றைப் பொருத்தி இடப்பாதியை மறைத்தார்கள். வலப்பாதியில் நாற்காலி போட்டு, ஸ்டுடியோவுக்குச் சொந்தமான காற்சட்டையும் கடிகாரமும் அணிவித்து அவரை அமர்த்தி ஒருமுறை எடுத்தார்கள். பிறகு பிலிமை நகர்த்தாமல், விளக்குகளையும் தொடாமல், அட்டையை மட்டும் மறுபக்கம் மாற்றி வைத்தார்கள். அவர் உடைமாற்றி வந்து வேட்டியோடு இடப்பாதியில் நின்றதும் இரண்டாம் முறை எடுத்தார்கள். அட்டை வில்லைக்கு மிக அருகில் இருப்பதால் அதன் விளிம்பு கூர்மையாகப் பதியாது. இரு பாதிகளும் ஒன்றோடொன்று கரைந்துவிடும். ஒளியின் அளவு இம்மி பிசகினாலும் நடுவில் ஒரு கோடு காட்டிக் கொடுத்துவிடும். எங்கள் வீட்டுப் படத்தில் அந்தக் கோடு உண்டு. நடுவிலிருக்கும் காகிதப் பூந்தொட்டி ஒருபுறம் வெளுத்தும் மறுபுறம் கறுத்தும் இருக்கிறது.

இன்னும் இரண்டு நுட்பங்களை அவர் சொல்வார். அமர்ந்திருப்பவர், அருகே நிற்பவரை ஏறிட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் அப்போது அங்கே எவரும் இல்லை. ஆகவே திரையில் சுண்ணக்கட்டியால் ஒரு புள்ளியிட்டு, அதைப் பார்க்கச் சொன்னார்கள். நிற்பவர் நாற்காலியின் மீது கை வைக்க விரும்பினார். கூடாது என்று தடுத்துவிட்டார்கள். நடுக்கோட்டைத் தாண்டினால் கை அறுபட்டுவிடும். அதனால் நிற்பவரின் கை நாற்காலியைத் தொடுவதற்கு ஒரு விரற்கடை முன்பே நின்றுவிட்டது.

ஒரு படியைத் தாயிடம் கொடுத்தபோது அவர் சொன்ன சொல் எங்கள் குடும்பத்தில் இன்றும் வழங்குகிறது: "வேட்டி கட்டினவன் ஒங்கிட்டயே இருக்கட்டும் ஆத்தா, சட்டை போட்டவன் கப்பலுக்குப் போறான்." அப்பத்தா தாம் மறையும் மட்டும், வருவோர்க்கெல்லாம் அப்படத்தைக் காட்டி, "நிக்கிறது எம்மகன், ஒக்காந்திருக்கிறது அந்தமான்காரன்" என்று சொல்லி வந்தார். அந்தக் கிழவிக்குத் தம் மகன் ஒருவனே என்பது தெரியாதா? தெரியும். ஸ்டுடியோக்காரருக்கும் தெரியும், பார்த்தவர் அனைவருக்கும் தெரியும். இங்கே ஏமாந்தவர் எவருமில்லை.

சுவரோவியம் முதல் திரைப்படம் வரை

ஒரே காட்சியில் ஒருவரைப் பலமுறை காட்டுதல் காமிராவோடு பிறந்த வழக்கமன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறைச் சுற்றில் சோழர் காலத்து ஓவியம் ஒன்றுண்டு. அங்கே சுந்தரரின் வரலாறு ஒரே சுவரில் விரிகின்றது. திருமணத்தில் முதியவர் வந்து வழக்குரைப்பதும், திருவெண்ணெய்நல்லூர் அவையில் ஓலை காட்டப்படுவதும், பின்னர் வெள்ளை யானைமீது சுந்தரர் கயிலைக்கு ஏகுவதும் அடுத்தடுத்துக் காணப்படுகின்றன. திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்து ஓவியங்களில் முசுகுந்தன் வரிசை வரிசையாக மீண்டும் மீண்டும் வருகிறான். இத்தனை முசுகுந்தர்களா என்று எந்த அடியவரும் மயங்கியதில்லை. காலம் என்னும் நீளத்தைச் சுவர் என்னும் அகலத்தில் விரிக்கும் வழி இது என்பதை நம் மக்கள் இயல்பாகவே அறிந்திருந்தனர்.

நிழற்படக் கலை தோன்றிய சில பத்தாண்டுகளிலேயே இவ்விளையாட்டும் தோன்றிவிட்டது. இங்கிலாந்தில் ஆஸ்கர் ரெய்லாண்டர் என்னும் கலைஞர், ஏறத்தாழ 1871-இல், ஓவியனாகிய தாம் தொண்டர் படை வீரனாகிய தம்மையே அறிமுகப்படுத்துவதுபோல் ஒரு படத்தைச் செய்தார். 1900-இல் பிரெஞ்சு நாட்டு ஜார்ஜ் மெலியே ஒரு சிறு திரைப்படத்தில் தாம் ஒருவரே எழுவராகி இசைக்குழுவாய் அமர்ந்தார். நம் நாட்டில் 1917-இல் வெளிவந்த பால்கேயின் 'லங்கா தகனம்' படத்தில் சாளுங்கே என்னும் நடிகர் ஒருவரே இராமனாகவும் சீதையாகவும் நடித்தார். தமிழில் 1940-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'உத்தமபுத்திரன்' படத்தில் பி. யு. சின்னப்பா இருவேடம் பூண்டார். 1969-இல் 'தெய்வ மகன்' படத்தில் சிவாஜி கணேசன் தந்தையாகவும் இரு மைந்தராகவும் மூவராய்த் தோன்றினார். திரையில் கண்டு வியந்ததை ஸ்டுடியோவில் தாமும் செய்து பார்க்க எளிய மக்கள் விரும்பினர். மத்தியப் பிரதேசத்து நாக்தா என்னும் ஊரின் ஸ்டுடியோக்களில் ஒருவரை இருவராகவும் மூவராகவும் காட்டும் படங்கள் எடுக்கப்பட்டதை, கிறிஸ்டபர் பின்னி என்னும் மானிடவியல் அறிஞர் 1997-இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்திருக்கின்றார். அங்கே ஆலைத் தொழிலாளியும் உழவரும் தாம் இருப்பதை மட்டுமன்றி, தாம் ஆகக்கூடியதையும் படமாக்கிக் கொண்டார்கள்.

எங்கள் தந்தையாரும் அதைத்தான் செய்தார். காற்சட்டையும் கடிகாரமும் அவருடையவை அல்ல. ஆனால் கடல் கடந்தவன் என்ற பெருமை அவருடையது. ஊரை விட்டு வந்தவன் என்ற வலியும் அவருடையதே. ஓருடலில் அடங்காத இவ்விரண்டையும் அடக்க அவருக்கு ஈருடல் தேவைப்பட்டது.

அடையாளம் காட்டும் படம்

இதற்கு நேர்மாறான இரட்டைப் படமும் உண்டு. அதன் வரலாறு நம் தீவுகளோடு தொடர்புடையது. 1890-களில் மாரிஸ் விடால் போர்ட்மன் என்னும் ஆங்கில அதிகாரி அந்தமான் பழங்குடி மக்களைக் கட்டமிட்ட திரையின் முன் நிறுத்தி, முகத்தை நேராக ஒருமுறையும் பக்கவாட்டில் ஒருமுறையும் படமெடுத்தார். அத்தொகுதிகள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு அனுப்பப்பட்டன. ஏறத்தாழ அதே காலத்தில் பாரிஸ் காவல்துறையில் பெர்த்தியோன் என்பவர் குற்றவாளிகளை நேர்முகமும் பக்கமுகமுமாக எடுக்கும் முறையை வகுத்தார்.

அங்கும் ஒருவரே இருமுறை தோன்றுகின்றார். அப்படங்களில் பொய் ஏதுமில்லை. அளவுகள் யாவும் சரியே. ஆயினும் அவற்றைப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கின்றது. ஏன்? படத்திலிருப்பவர் இருமுறை எடுத்துக்கொள்ள விரும்பியவர் அல்லர். தம்மைப் பற்றி ஒன்றைச் சொல்ல அவருக்கு அங்கே வாய்ப்பளிக்கப்படவில்லை. ஆகவே ஒரு படம் பொய்யற்றது என்பதனாலேயே அறமுடையது ஆகிவிடாது என்பதை நாம் முதற்கண் குறித்துக் கொள்ளலாம்.

அதே வித்தை, வேறு நோக்கம்

இனி மறுபுறம் நோக்குவோம். அமெரிக்காவில் வில்லியம் மம்லர் என்பவர், முன்னரே ஒருமுறை ஒளிபட்ட தகட்டில் மீண்டும் படமெடுத்தால் பழைய உருவம் மங்கலாகத் தெரியும் என்னும் உண்மையைப் பயன்படுத்தி, இறந்தோரின் ஆவியைப் படம் பிடிப்பதாகக் கூறிப் பொருள் ஈட்டினார் என்று குற்றஞ்சாட்டப்பட்டார். 1869-இல் நியூயார்க் நகரில் வழக்கு நடந்தது. போதிய சான்று இல்லையென்று அவர் விடுவிக்கப்பட்டார். பின்னாளில் ஆபிரகாம் லிங்கனின் மனைவியார் அவரிடம் சென்று, தம் தோளில் மறைந்த கணவரின் கை படிந்திருப்பதுபோன்ற படத்தைப் பெற்றுத் திரும்பினார்.

மம்லருக்கும் பரமக்குடி ஸ்டுடியோக்காரருக்கும் வித்தையில் பெரிய வேறுபாடில்லை. இருவரும் ஒரே பரப்பில் இருமுறை ஒளியைப் பாய்ச்சினர். வேறுபாடு எங்கே உள்ளது? ஒருவன் இருவராய் நிற்கும் படம் தன் பொய்யைத் தானே வாய்விட்டுச் சொல்லுகின்றது. நடக்க இயலாத ஒன்றைக் காட்டுவதால் அது எவரையும் ஏமாற்ற இயலாது. ஆவிப் படமோ, நடந்திருக்கக்கூடும் என்று ஏங்கும் உள்ளத்தின் நம்பிக்கையில் கை வைக்கின்றது. ஆக, படத்தைப் பொய்யாக்குவது வித்தையன்று. பார்ப்பவர்க்குத் தெரியாமல் மறைப்பதே பொய். இவ்வளவில் நம் வினாவிற்கு விடை கிடைத்துவிட்டதாகவே நாம் எண்ணியிருந்தோம். ஆனால் 2024-இல் வந்த ஒரு தொலைபேசி அழைப்பு அந்த நிறைவைக் கலைத்தது.

மணப்படத்தில் ஓர் இடம்

எங்கள் அத்தையின் திருமணம் 1986-ஆம் ஆண்டு ஆவணியில் ஊரில் நடந்தது. தந்தையார் அதற்குப் போகவில்லை; போக முடியவில்லை. கடல் கொந்தளிப்பால் கப்பல் புறப்பாடு தள்ளிப்போயிற்று. மூன்று நாள் கடற்பயணம் முடிந்து அவர் ஊர் சேர்ந்தபோது திருமணம் முடிந்து எட்டு நாள் ஆகியிருந்தது. அவர் அனுப்பிய மணியார்டர் மட்டும் முன்னதாகவே சென்றிருந்தது. அத்தையின் கழுத்துச் சங்கிலி அப்பணத்தில் வாங்கியது. மணப்படத்தில், பெண்ணின் உடன்பிறந்தவர் நிற்க வேண்டிய இடத்தில் பெரியப்பா மகன் ஒருவர் நிற்கின்றார். அவருக்கருகே சிறிது இடம் வெறுமையாக இருக்கின்றது.

சென்ற 2024-இல் மாமாவுக்கு மணிவிழா. அத்தை மகன் நம்மை அழைத்து, "மச்சான், பழைய கல்யாணப் படத்தைப் புதுசாக்கிப் பெரிசா போடப்போறோம். தாய்மாமாவையும் அதில சேத்துட்டா அம்மா சந்தோசப்படுவாங்க. வேட்டி கட்டின படம் ஒண்ணு அனுப்புங்க" என்றான். தந்தையார் 2015-இல் மறைந்துவிட்டார். அக்காலத்து அவருடைய படம் எங்களிடம் வேறில்லை. கூடத்துச் சுவரில் உள்ளது ஒன்றே. நாமும் மகிழ்ந்து உடன்பட்டோம். அனுப்புவதோடு நில்லாமல் நம் பிள்ளைகளின் உதவியோடு வீட்டிலேயே அதைச் செய்து முடித்தோம். அட்டையும் வேண்டியிருக்கவில்லை, முக்காலியும் வேண்டியிருக்கவில்லை. கைப்பேசியிலேயே சில நிமிடங்களில் வேட்டி கட்டிய தந்தையார் பரமக்குடி ஸ்டுடியோவிலிருந்து எழுந்து சென்று, தங்கையின் மணமேடையில் நின்றார். கோடில்லை, நிழல் பிசகவில்லை, எவராலும் கண்டுபிடிக்க இயலாது.

பணியை முடித்துத் திரும்பிப் பார்த்தோம். திரையில் பழைய படத்தின் மிச்சம் இருந்தது. நாற்காலியில் அமர்ந்திருந்த சட்டைக்காரர், இப்போது எவருமில்லாத வெளியை ஏறிட்டுப் பார்த்தபடி தனியே இருந்தார். அப்போதுதான் உள்ளம் துணுக்குற்றது. ஆயினும் அதை வெளியே சொல்லவில்லை; படத்தை அனுப்பிவிட்டோம்.

மறுநாள் அத்தையே அழைத்தார். மகன் அவருக்குக் காட்டியிருக்கின்றான். நெடுநேரம் பேசாதிருந்து பின் அவர் சொன்னார்: "எங்க அண்ணன் வரலைன்னுதானப்பா நான் அன்னைக்கு அழுதேன். பாரு, படத்துல எங் கண்ணு வீங்கியிருக்கு. அவரைக் கொண்டாந்து பக்கத்துல நிப்பாட்டிட்டா, நான் எதுக்கு அழுதேன்?"

இதற்கு நாம் மறுமொழி சொல்ல இயலவில்லை.

வாய்மைக்கு வள்ளுவர் வகுத்த இலக்கணத்தை நாம் அறிவோம். தீங்கு பயவாத சொல்லே வாய்மை என்றார். குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்ம்மையும் வாய்மையின் வரிசையில் இடம்பெறும் என்றும் அவரே இசைவளித்தார். அந்த இசைவைத்தான் நாமும் நம்பினோம். அத்தை மகிழ்வார், பேரப்பிள்ளைகள் மகிழ்வார்கள் என்று கணக்கிட்டோம். ஆனால் நன்மை குற்றமற்றதாக இருக்க வேண்டும் என்னும் நிபந்தனையை மறந்துவிட்டோம். அந்த நன்மையில் இருந்த குற்றத்தை அத்தை ஒரே சொல்லில் சுட்டிவிட்டார். நாம் செய்த படம் எங்கள் தந்தையாரைச் சேர்த்தது. ஆனால் அவர் வராத துயரத்தை அழித்தது. அவர் இல்லாமையும் அந்தத் திருமணத்தின் ஓர் உண்மை. அந்த வெற்றிடமும் கழுத்துச் சங்கிலியும் சேர்ந்துதான் அவருடைய வாழ்க்கை. தங்கைக்குப் பொன் சேர்க்கும்பொருட்டே தீவுக்கு வந்தார். தீவுக்கு வந்தமையாலேயே தங்கையின் மணத்தைக் காணாது போனார். வெற்றிடத்தை நிரப்பிவிட்டால், சங்கிலிக்கு அவர் கொடுத்த விலை என்னவென்று எவருக்குத் தெரியும்?

புலம்பெயர்ந்து வாழும் நம் குடும்பங்களில் இத்தகைய வெற்றிடம் இல்லாத ஆல்பம் ஒன்றுண்டா? காதுகுத்தில் தந்தை இல்லை. சடங்கில் சித்தப்பா இல்லை. தாயின் இறுதிப் பயணத்தில் மூத்த மகன் இல்லை. இவ்விடங்களை எல்லாம் இன்று எளிதில் நிரப்பிவிடலாம். நிரப்பிய பின் நம் பேரர்கள், யாரும் எதையும் இழக்கவில்லை என்றே எண்ணுவார்கள்.

இறந்த இரட்டையர்

இங்கே ஒரு தடை எழும். நைஜீரியாவில் யொருபா மக்களிடையே இரட்டைக் குழந்தைகள் மிகுந்த மதிப்புக்குரியோர். இரட்டையரில் ஒருவர் இருவரையும் சேர்த்துப் படமெடுக்கு முன்னரே இறந்துவிட்டால், எஞ்சிய குழந்தையைப் படமெடுத்து, அதே உருவத்தை அருகருகே இருமுறை அச்சிட்டு, இரட்டையர் படமாக வைத்துக்கொள்ளும் வழக்கம் அவர்களிடையே இருந்ததை ஸ்டீபன் ஸ்ப்ரேக் என்னும் ஆய்வாளர் 1978-இல் எழுதினார். இறந்தது வேறு பாலினக் குழந்தையாயின், இருக்கும் குழந்தைக்கே அவ்வுடை அணிவித்து மற்றொரு பாதியை எடுப்பார்களாம். இதனைப் பொய்யென்று தள்ளிவிட முடியுமா? தள்ள நமக்கு மனம் வரவில்லை.

அந்தத் தாய் தன் குழந்தை இறக்கவில்லை என்று சாதிக்கவில்லை. இறந்ததனாலேயே அப்படத்தைச் செய்யச் சொன்னாள். ஒரே முகம் இருமுறை அமர்ந்திருப்பதே, மற்றொரு முகம் இல்லை என்பதற்குச் சான்று. அப்படம் இழப்பை மறைக்கவில்லை. இழப்புக்கு ஓர் ஆசனம் இட்டுத் தருகின்றது. எங்கள் தந்தையாரின் இரட்டைப் படமும் அவ்வாறே. ஒருவன் ஈரிடத்தில் இருக்க முடியாது என்பதையே அது தன் நடுக்கோட்டால் சொல்லுகின்றது. நிற்பவரின் கை நாற்காலியைத் தொடாமல் நின்ற அந்த ஒரு விரற்கடையில், ஊருக்கும் தீவுக்கும் இடைப்பட்ட கடல் முழுவதும் அடங்கியிருக்கின்றது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படத்தில் இருவர் தோன்றினாலும், கணக்குக் கேட்கும்போது ஒருவரே எழுந்து நின்றாக வேண்டும். ஊரில் ஒரு முகமும் தீவில் ஒரு முகமும், அலுவலகத்தில் ஒரு சொல்லும் வீட்டில் ஒரு சொல்லுமாக வாழ்ந்துவிட்டு, ஒருவர் செய்த குறையை மற்றவர் தலையில் ஏற்றித் தப்பும் வழக்கம் நம்மிடம் உண்டு. எங்கள் தந்தையார் அவ்வாறு தப்பவில்லை. சட்டைக்காரர் ஈட்டியதை வேட்டிக்காரர் வீட்டுக்குக் கொடுத்தார். வேட்டிக்காரர் பட்ட கடனைச் சட்டைக்காரர் அடைத்தார். நிழல் இரண்டாயினும் நெஞ்சம் ஒன்றாக இருந்தது.

படத்தின் பின்புறம்

முற்காலத்து நிழற்படங்களுக்கு ஒரு பின்புறம் உண்டு. எடுத்த நாள், ஊர், இருப்பவர் பெயர் ஆகியவற்றை அங்கே பேனாவால் எழுதி வைப்பார்கள். கைப்பேசியில் ஒளிரும் படத்துக்குப் பின்புறம் இல்லை. நாம் இருக்கும் மட்டும் எது நடந்தது, எது சேர்த்தது என்று வாயால் சொல்லலாம். நமக்குப் பின் படம் மட்டும் மிஞ்சும், சொல் மிஞ்சாது. அந்நாளில் நடுக்கோடில்லாத படமே நடந்ததாக ஆகிவிடும். இயலாததைக் காட்டும் இரட்டைப் படத்துக்கு இவ்விளக்கம் வேண்டியதில்லை. இயன்றிருக்கக்கூடியதைக் காட்டும் ஒட்டுப் படத்துக்கோ கட்டாயம் வேண்டும்.

மணிவிழா இனிதே நடந்தது. பழைய மணப்படத்தைத் தூசி துடைத்து, கறை நீக்கி, வெற்றிடம் வெற்றிடமாகவே இருக்கப் பெரிதாக்கி வைத்தார்கள். அதனருகே, அத்தையின் விருப்பப்படி, வேறொரு சட்டத்தில் எங்கள் தந்தையாரின் இரட்டைப் படத்தின் படியையும் மாட்டினார்கள். வந்திருந்த சிறுபிள்ளைகள், "இந்த இரண்டு பேரில் யார் அம்மாச்சியோட அண்ணன்?" என்று கேட்க, அத்தை சிரித்துக்கொண்டே முழுக் கதையையும் சொன்னார், கப்பல் வராத கதையும் அதில் வந்தது.

ஊர் திரும்பியதும் கூடத்துப் படத்தைக் கழற்றி, அதன் பின்புறம் நாம் இவ்வாறு எழுதி வைத்தோம்: "பரமக்குடி, 1984. இருவரும் எங்கள் தந்தையார். ஒருவரே."